கிளிய வெளிய பறக்க விடுறவங்க கவனத்துக்கு

மக்களே, ஞாயித்துக்கிழமை காலைல மதுரை ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை அடிவாரத்துல கன்யூர் (வெளிநாட்டுக் கிளி வகை) பறக்க விடலாம்னு பேசுனோம்ல, வர்றவங்க இத படிச்சுட்டு வாங்க. வீட்டுக்குள்ள விசில் அடிச்சா மொத தடவையே கைக்கு வந்து ஒக்காருற பறவைய மட்டும் கொண்டாங்க, "எங்கிட்ட நல்லா பழகும்ணே"ங்குறதெல்லாம் கணக்குல வராது. நெறைய கிளி வேணும்னே ஓடிப்போறது இல்ல, எதையாச்சும் பாத்து பயந்து மேல ஏறிரும், ஆனா ஒசரத்துல இருந்து எறங்கத் தெரியாது, அத தனியா பழகணும், பழகாதது மரத்து உச்சில ஒக்காந்து கத்திக்கிட்டே கெடக்கும், கீழ நின்னு நாமளும் கத்த வேண்டியதுதான். காலைல தீனிய கொஞ்சம் கொறைங்க, பட்டினி போட்றாதீங்க பாவம்.

காத்து அடிச்சாலோ வைரி, பருந்து சுத்துனாலோ கூண்டத் தொறக்கவே வேணாம். கரண்டு கம்பி இல்லாத எடமா முன்னாடியே போய் பாத்து லொகேஷன் அனுப்புறேன்.

அப்புறம் பச்சைக்கிளிய யாரும் தூக்கிட்டு வந்துராதீங்கப்பா, நம்ம ஊரு கிளிய வளக்குறதே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், வச்சிருந்தா வனத்துறைகிட்ட ஒப்படைச்சுருங்க. வர்றவங்க சனிக்கிழமை ராத்திரிக்குள்ள பேரு சொல்லிருங்க.