கனவுக்குப் புகை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் சேலத்தில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் சிலப்பதிகார வழக்குரை காதையை நாடகமாக நடித்தார்கள். பாண்டியன் மனைவி கோப்பெருந்தேவியின் கனவு வந்ததும் விளக்குகளை அணைத்துப் புகையைக் கிளப்பி, வெண்குடை சாய்வதையும் கதிரவனை இருள் விழுங்குவதையும் திரையில் படமாக ஓட்டினர். தேவியாக நடித்த மாணவி பேச ஒரு வரியும் இன்றி ஓரமாக நின்றார். பிள்ளைகளிடம் குறையில்லை, இயக்கிய பெரியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இளங்கோவடிகள் அக்கனவைத் தேவியின் வாயாலேயே சொல்ல வைத்தார். 'காண்பென்காண் எல்லா' (காண்கிறேனடி, தோழி) என்று தோழியிடம் அவள் திரும்பத் திரும்பச் சொல்கையில் நம்மைப் பிடிப்பது அந்தக் குரலின் நடுக்கம். பிறகு பாண்டியனிடமும் சென்று உரைக்கிறாள். அவன் என்ன மறுமொழி சொன்னான் என்பதற்குக் காப்பியத்தில் ஒரு சொல்கூட இல்லை. அடுத்து நம் காதில் விழுவது, 'வாயிலோயே வாயிலோயே' என்று அரண்மனை வாசலில் எழும் கண்ணகியின் குரல்தான். படம் ஓடி முடிந்து, கைதட்டலும் அடங்கி, விளக்கு எரிந்த பிறகு அக்குரல் வந்து என்ன பயன்?

கி.மு. 472இல் அரங்கேறிய கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலசின் 'பாரசீகர்கள்' நாடகத்திலும் அரசமாதா தன் கனவை முதியோரிடம் வாயால்தான் சொல்கிறாள். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீச'ரில், தன் சிலையிலிருந்து நூறு வாய்களில் குருதி கொட்டுவதாக மனைவி கண்ட கனவைச் சீசர் எடுத்துச் சொல்ல, சதிகாரன் டீசியஸ் அதையே நற்சகுனமாகத் திரித்து அவரை மன்றத்துக்குக் கிளப்பிவிடுகிறான்; எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்ட கனவை அவ்வளவு எளிதாகத் திரிக்க முடியுமா? கனவைத் தலைப்பிலேயே தாங்கிய வடமொழி நாடகாசிரியர் பாசனின் 'சொப்பன வாசவதத்த'த்தில், கொங்குவேளிரின் பெருங்கதை வழியாக நமக்கும் உறவான உதயணன் உறக்கத்தில் பிதற்றுகிறான். இறந்துவிட்டாள் என்று அவன் நம்பும் மனைவி வாசவதத்தை அருகிலிருந்து மறுமொழி சொல்லி, கட்டிலுக்கு வெளியே தொங்கும் அவன் கையை எடுத்து மேலே வைத்துவிட்டு நழுவுகிறாள். அவன் கண்ட கனவு மேடைக்கு வருவதேயில்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? ஓமலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் கர்ண மோட்சக் கூத்துப் பார்த்தேன். விடிவதற்குச் சற்று முன், கர்ணனின் மனைவி பொன்னுருவியாக வேடம் கட்டியவர் போருக்குக் கிளம்பும் கர்ணனை மறித்துத் தாம் கண்ட கெட்ட கனவைச் சொல்லத் தொடங்கியதும் முகவீணை என்னும் ஊதுகுழல் நின்றது, தாளம் நின்றது. என் பக்கத்தில் சாக்கு விரித்து அமர்ந்திருந்த மூதாட்டி, "போவாத சாமி" என்று கர்ணனிடம் சொன்னார். பள்ளிகளில் நாடகம் பழக்குவோர் அடுத்த ஒத்திகைக்கு முன் மாணவர்களை ஓரிரவு அப்படியொரு கூத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நாடக ரசிகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.