2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வீட்டில் பெரியவருக்குப் பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டு வந்திருக்கும் அண்ணன் தம்பிகளே, வணக்கம்.

வீட்டில் முதியவர்களையும் நோயாளிகளையும் தாங்களே பராமரிக்கும் ஆண்களின் சங்கம் நம்முடையது. நம்மில் சிலர் கல்யாணம் ஆகாதவர்கள். சிலருடைய கூடப்பிறந்தவர்கள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்த மனைவியைத் தானே தூக்கி உட்காரவைக்கும் எழுபது வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் இப்படி எத்தனையோ வீடுகள்.

இந்த ஆண்டு நாம் அதிகம் செய்தது ஆள் மாற்றிவிடும் வேலைதான். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது, குறுவையும் நன்றாக வந்தது. ஆனால் அறுத்த நெல் ஐப்பசி மழையில் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடந்தபோது, தார்ப்பாய் போட்டு ராத்திரியெல்லாம் காவல் இருக்க வேண்டியதாயிற்று. படுத்த படுக்கையாக அப்பா இருக்கும் வீட்டில் மகன் எங்கே நிற்பான்? நம் உறுப்பினர்கள் முறை வைத்து அந்த வீடுகளில் இரவு தங்கினார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் போதாது. சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும். ஏர் பெட் என்னும் காற்று மெத்தை இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். மூக்குக் குழாய் வழியாக ஊட்டும்போது தலைமாட்டை உயர்த்தி வைக்க வேண்டும், ஊட்டிய பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். யூரின் பை இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா ஒருவர் இதையெல்லாம் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு நம் நன்றி.

மனதை அறுக்கும் விஷயம் ஒன்று. ஓர் அரசு மருத்துவமனையில் அம்மாவைச் சேர்த்த உறுப்பினரை, பெண்கள் வார்டில் ஆண் தங்கக்கூடாது என்று இரவு வெளியே அனுப்பிவிட்டார்கள். "வீட்டில் லேடீஸ் யாரும் இல்லையா?" என்றுதான் முதல் கேள்வி. மற்றப் பெண்களின் பாதுகாப்புக்கான விதி அது, நியாயமானதே. ஆனால் மறதி நோய் உள்ள அந்த அம்மாவுக்குத் தெரிந்த ஒரே முகம் மகனுடையது. திரை போட்ட ஓரப் படுக்கையாவது ஒதுக்கலாமே என்று மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை, விடப்போவதில்லை.

அதே சமயம், ஊரில் நம்மைப் பெரிதாகப் புகழ்வதை நான் ஏற்கவில்லை. 2024இல் எடுத்த நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுக்குள் வீட்டாரைப் பராமரிப்பவர்கள் பெண்களில் 41 சதவீதம், ஆண்களில் 21.4 சதவீதம். குழந்தைகளையும் சேர்த்த கணக்கு இது. அந்தப் பெண்களை யாரும் மேடையேற்றிச் சால்வை போர்த்துவதில்லை. நமக்கும் சால்வை வேண்டாம், மாற்று ஆள்தான் வேண்டும்.

மாதக் கூட்டங்களில் பேச்சு மெதுவாகத்தான் திறந்தது. அம்மாவைக் குளிப்பாட்டி உடை மாற்றும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வதைச் சொன்ன ஒருவரால் மேலே பேச முடியவில்லை. தூக்கமில்லாத ஓர் இரவில் அப்பா மீது கை ஓங்கியதை இன்னொருவர் சொன்னார். மறுநாளே அவருக்கு ஓய்வு ஏற்பாடு செய்தோம். அங்கே பேசியது எதுவும் வெளியே போகக்கூடாது என்பது நம் முதல் விதி.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்ட ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை தருவார்கள். கேட்டுப் பெறாத வீடுகள் இன்னும் உள்ளன, கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567, குறித்துக்கொள்ளுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தை அறுவடைக்கு இரவு முறைப் பட்டியல் போட வேண்டும். தங்கக்கூடியவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். அறுவடை இருக்கும் வீட்டார் எந்த வாரம் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

செயலாளர்