மதிப்பெண் குறைந்தவள் ஆராய்ச்சிக்குப் போகலாமா? மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஆறு பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். வேலையை விட்டுவிட்டு இயற்பியலில் எம்.எஸ்சி. சேர்ந்து, பிறகு ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். இந்த மதிப்பெண்ணோடு அப்படி ஆசைப்படலாமா என்றும் கேட்டிருக்கிறாய். ஆசைப்படுவதும் படாததும் உன் விஷயம். இந்த மதிப்பெண் உன்னை எங்கே நிறுத்தும், எங்கே நிறுத்தாது என்பதை மட்டும், அரசுக் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் முனைவர் பட்டச் சேர்க்கைக் குழுக்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில் என்னால் சொல்ல முடியும்.

முதலில் உன் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொள். "எனக்கு 56 விழுக்காடுதான்" என்கிறாய். அது பகுதி மூன்று, அதாவது மேஜர் என்ற முதன்மைப் பாடமும் அலைடு என்ற துணைப்பாடமும் மட்டும் சேர்ந்தது; துல்லியமாக 56.4. பகுதி ஒன்றின் தமிழையும் பகுதி இரண்டின் ஆங்கிலத்தையும் மற்ற தாள்களையும் சேர்த்தால் 59.8 வருகிறது. விண்ணப்பத்தில் எந்த விழுக்காட்டைக் கேட்கிறார்கள் என்பதை ஒவ்வொரு நிறுவனத்தின் சேர்க்கைக் கையேட்டிலும் தனியாகப் படிக்க வேண்டும். ஐ.ஐ.டி.களின் ஜாம் தேர்வு வழியாக எம்.எஸ்சி. சேருவதற்குப் பல ஆண்டுகள் 55 விழுக்காடு என்ற கோடு இருந்தது. மொழிப்பாடங்கள், துணைப்பாடங்கள் உட்பட எல்லா ஆண்டுகளின் மதிப்பெண்ணையும் சேர்த்து, முழு எண்ணாக்காமல் கணக்கிட வேண்டும் என்று அந்த விதியிலேயே எழுதியிருந்தார்கள். அந்தக் கணக்கில், செய்யுளும் இலக்கணமும் படித்து நீ வாங்கிய 80-க்கு மேற்பட்ட மதிப்பெண்கள் உன் இயற்பியலைத் தூக்கி நிறுத்துகின்றன. தமிழ்த்துறை ஆசிரியரைப் பார்த்தால் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வா. அதே விதியின் மறுபக்கத்தையும் மறந்துவிடாதே: 59.8 என்பது 60 ஆகாது. முதல் வகுப்பு கேட்கிற இடங்கள், குறிப்பாக பி.எஸ்சி. முடித்தவுடன் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்புகளில் பல, உனக்கு இல்லை. அவற்றுக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டி, விதிவிலக்கு கேட்டு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருப்பது வீண் வேலை. இந்த வகைக் கோட்டைக் கணினியே பார்த்து வடிகட்டிவிடும், உன் கடிதம் எந்த மனிதர் கண்ணிலும் படாது.

ஆகவே மதிப்பெண்ணை ஒரு கோடாக மட்டும் பார்த்துவிட்டு, அதைத் தாண்டியவர்களை நுழைவுத் தேர்வின்படி வரிசைப்படுத்துகிற இடங்களே உன் இடங்கள். ஜாம் அப்படிப்பட்ட தேர்வு. பிப்ரவரியில் நடக்கும் அதில் 60 கேள்விகளுக்கு 100 மதிப்பெண்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முதல் பகுதிக்கு 50. அதில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். மீதி 50-க்கு, ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ள கேள்விகளும், எண்ணை நீயே கணக்கிட்டுத் தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளும் வரும். அவற்றில் தவறுக்குக் கழிவு கிடையாது. நம் பல்கலைக்கழகத் தேர்வுகளில் பத்து மதிப்பெண் வினாவுக்கு வரையறை, படம், தேற்றம் என்று மனப்பாடமாக எழுதி 90 வாங்கிய உன் தோழிகள் பலர் இந்த இரண்டாவது ஐம்பதில் திணறுவார்கள். நீ எப்போதும் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு விளக்கம் எழுத நேரமில்லாமல் வெளியே வருகிறவள். இந்தத் தேர்வின் அமைப்பு உனக்குத்தான் பொருந்தும். ஜாம் மதிப்பெண்ணை ஐ.ஐ.டி.கள் மட்டுமல்லாமல் பல என்.ஐ.டி.களும் ஏற்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு, திருவாரூரிலும் புதுச்சேரியிலும் உள்ளவை உட்பட, கியூட் முதுநிலைத் தேர்வு தனியாக இருக்கிறது. இரண்டையும் எழுது.

இனி, உன் பட்டியலில் என்னை உண்மையில் கவலைப்பட வைக்கும் இடத்துக்கு வருகிறேன். இரண்டாம், மூன்றாம் பருவங்களின் அலைடு கணிதத்தில் இரண்டு அரியர்கள் இருக்கின்றன. நீ பின்னால் அவற்றை எழுதித் தேறிவிட்டாய். ஆறாம் பருவத்தில் குவாண்டம் இயக்கவியலில் 78 வாங்கியிருக்கிறாய். மொத்த விழுக்காட்டைவிட இந்த ஏறுமுகத்தைக் குழுவில் இருப்பவர்கள் அதிகம் கவனிப்பார்கள் என்பது மெய்தான். ஆனால் கணிதத்தில் தவறியவள் குவாண்டம் இயக்கவியலில் எப்படித் தேறினாள் என்ற கேள்வியும் கூடவே எழும், அதற்குப் பேச்சால் பதில் சொல்ல முடியாது. என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத்திட்டம் வழியாக ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்தும் கணித இயற்பியல் பாடம் ஒன்றில் சேர்ந்து, 12 வாரமும் ஒப்படைப்புகளைச் செய்து, தேர்வு மையத்துக்கு நேரில் போய் இறுதித் தேர்வை எழுது. அந்தச் சான்றிதழில் ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75 என்று பிரித்தே மதிப்பெண் கொடுப்பார்கள் என்பதால் அதைப் பார்ப்பவர்கள் நம்புவார்கள். உனக்கு ஏற்கெனவே நன்றாக வரும் பாடத்தில் இன்னொரு சான்றிதழ் வாங்குவதால் ஒரு பயனும் இல்லை.

எம்.எஸ்சி.யில் சேர்ந்த பிறகு உன் பி.எஸ்சி. மதிப்பெண்ணின் கனம் வேகமாகக் குறைந்துவிடும், இதைப் பலர் அறிவதில்லை. ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் தகுதி காணும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்கு முதுநிலையில் 55 விழுக்காடு வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்கும் அதே 55-தான். பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு அதில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. நான்காண்டு இளநிலைப் பட்டத்தோடு நேரடியாக முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்களிடம் அதே விதி 75 கேட்கிறது. மூன்றாண்டுப் பட்டம் படித்ததால் பின்தங்கிவிட்டதாக நீ நினைக்கிறாய். உன்னைப் போன்றவளுக்கு எம்.எஸ்சி. வழியாகச் செல்லும் சுற்றுப்பாதையே நல்ல பாதை. பல்கலைக்கழகமே நுழைவுத் தேர்வு நடத்தினால் அதற்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கிடச் சொல்கிறது அந்த விதி; இந்தக் கூட்டலில் பி.எஸ்சி. மதிப்பெண்ணுக்கு இடமே இல்லை. முனைவர் பட்டச் சேர்க்கைக்குப் பல இடங்கள் ஏற்கும் கேட் தேர்வு எழுதவும் குறைந்தபட்ச மதிப்பெண் என்று ஒன்று கிடையாது, எழுதித் தேறினால் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் முனைவர் பட்டம் சேர ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம், எம்.எஸ்சி. முதல் ஆண்டில் யோசிக்கலாம். எம்.எஸ்சி.யின் முதல் பருவத்திலும் பழைய கதை நடந்தால் மட்டுமே நான் கவலைப்படுவேன்.

நேர்காணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் குறைந்த மதிப்பெண்காரர்கள் அதற்குத் தவறான விதத்தில் தயாராகிறார்கள். ஒரு முறை எங்கள் குழுவின் முன்னால் வந்த பையன் ஒருவனுக்குப் பட்டியலில் இரண்டாம் வகுப்பு. அவனிடம் நியூட்டன் வளையச் சோதனையில் நடுப்புள்ளி ஏன் கருப்பாக இருக்கிறது என்று கேட்டோம். கண்ணாடித் தட்டில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு அரை அலைநீள மாற்றம் ஏற்படுவதால், இரண்டு கதிர்களும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று சொன்னான். அதை எல்லாரும் சொல்வார்கள். பிறகு தயங்கித் தயங்கி, "ஆனால் எங்கள் ஆய்வகத்தில் நடுப்புள்ளி பெரும்பாலும் வெளிச்சமாகத்தான் தெரிந்தது, சார், லென்சுக்கும் தட்டுக்கும் இடையில் தூசி இருந்தது, துடைத்த பிறகு கருப்பாயிற்று" என்றான். அதன் பிறகு குழுவில் யாரும் அவன் மதிப்பெண் பட்டியலைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு முன்னால் வந்த முதல் வகுப்புக்காரர்கள் பலர் ஆய்வகக் குறிப்பேட்டில் புத்தகத்தில் உள்ள விடையை எழுதிவைத்தவர்கள். இவன் தன் கண்ணால் பார்த்ததை எழுதியவன். உன் பழைய குறிப்பேடுகள் பரணில் இருக்கின்றன, அம்மா எறியவிடவில்லை. ஒவ்வொரு சோதனையிலும் உனக்கு வந்த விடை ஏன் புத்தக விடையிலிருந்து மாறியது என்பதை எடுத்துப் படி. குழுவினர் பெரும்பாலும் நீ குறைவாக வாங்கிய தாளிலிருந்துதான் தொடங்குவார்கள், ஆகவே அந்தத் தாளிலேயே மிக நன்றாகப் பேசக்கூடியவளாகப் போ.

பரிந்துரைக் கடிதம் வாங்கத் துறைத்தலைவரிடம் போகலாமா என்று கேட்டிருந்தாய். அவர் உன்னை மூன்று ஆண்டில் எத்தனை முறை பார்த்திருப்பார்? "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்று எல்லாருக்கும் எழுதுவதையே உனக்கும் எழுதித் தருவார். மதிப்பெண் உள்ளவளுக்கு அதனால் கெடுதல் இல்லை. உனக்கு அது போதாது. குறைந்த மதிப்பெண்ணுக்கு ஆறுதலாக எல்லாரும் ராமானுஜன் கதையைச் சொல்வார்கள். அவர் எஃப்.ஏ. என்ற கல்லூரி முதல்நிலைத் தேர்வில் தவறியதோடு கதை முடிந்துவிடும். எனக்கு அந்தக் கதையில் வேறொரு பகுதிதான் முக்கியம். பட்டம் எதுவும் இல்லாத அவருக்கு 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதற்கு முன்னால், சென்னைக்கு வந்திருந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரிடம் அவருடைய கணக்குகளைக் காட்டியிருந்தார்கள். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த வாக்கர் அவற்றைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்துக்கு மதிப்பு வந்தது, எழுதியவர் வேலையைத் தன் கண்ணால் பார்த்தவர் என்பதால். உன் மூன்றாம் ஆண்டுச் செயல்திட்டத்துக்கு வழிகாட்டிய இளம் ஆசிரியரிடம் கேள். உன் மின்சுற்று மூன்று முறை எரிந்ததும் நான்காவது முறை ஏன் எரியவில்லை என்று நீ கண்டுபிடித்ததும் அவருக்குத்தான் தெரியும்.

நீ பெங்களூரில் இருப்பது ஒரு பெரிய வசதி. ராமன் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் வருகை மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்திய அறிவியல் அகாதமிகளின் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு எம்.எஸ்சி. மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்; சேர்ந்த பிறகு அதன் மதிப்பெண் விதியைப் பார்த்துக்கொள். ஒரு விஞ்ஞானிக்கு எழுதும்போது அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உனக்குப் புரியாத ஓர் இடத்தைக் குறிப்பிட்டு எழுது. ஒரே மின்னஞ்சலை ஐம்பது பேருக்கு அனுப்பினால், அதை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் ஆய்வுக் கட்டுரை வெளியிடும் பத்திரிகைகளின் பக்கம் போகாதே. அப்படியொரு கட்டுரை விண்ணப்பத்தில் இருப்பது அரியரைவிட மோசமாகத் தெரியும்.

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க அறிக்கையில் மதிப்பெண்ணைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் போதும். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துவிட்டு ஆங்கிலவழிக்கு மாறியது கடினமாக இருந்தது என்று ஒரு வாக்கியம், ஐந்தாம் பருவம் முதல் மதிப்பெண் உயர்ந்ததைக் காட்டி ஒரு வாக்கியம். உன் வரைவில் ஒரு பக்கம் முழுவதும் அந்தக் கதைதான் இருக்கிறது. மீதி இடத்தில் எந்தக் கேள்வி உன்னை இங்கே இழுத்து வந்தது என்று எழுது.

ஜெர்மனியைப் பற்றி ஒரு முகவர் உன்னிடம் பேசியதாக எழுதியிருந்தாய். அங்கே நம் மதிப்பெண்ணை மாற்றுவதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: உச்ச மதிப்பெண்ணிலிருந்து உன் மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். உன் 59.8-க்கு, தேர்ச்சி 40 என்று வைத்தால், 3.01 வருகிறது. அவர்களுக்கு 1 என்பது மிகச் சிறப்பு, 4 என்பது வெறும் தேர்ச்சி. பல முதுநிலைப் படிப்புகள் 2.5 அல்லது அதைவிட நல்ல எண்ணைக் கேட்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்றாலும், மாதாமாதம் ஒரு தொகை மட்டுமே எடுக்க முடிந்த முடக்கப்பட்ட கணக்கில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், அது பத்து லட்ச ரூபாயைத் தாண்டும். முகவர் இந்தக் கணக்கை உனக்குப் போட்டுக் காட்டினாரா? இங்கே நல்ல எம்.எஸ்சி. முடித்த பிறகு அதே நாட்டுக்குச் சம்பளத்தோடு முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குப் போகலாம். இப்போது வேண்டாம்.

பணத்தைப் பற்றி நீ தயங்கித் தயங்கி எழுதியிருந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி.யின் இரண்டு ஆண்டுகளுக்கு என் ஓய்வூதியம் தாங்கும். பிறகு நெட் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட விகிதத்தில் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. அக்கா கல்யாணக் கடனைப் பற்றி நீ யோசிக்க வேண்டியதில்லை, அதை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம்.

ஜாம் விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் திறக்கும். அதற்குள் ஓ.பி.சி. சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். நம்மிடம் இருக்கும் மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் (கிரீமி லேயர்) நாம் வரவில்லை என்று குறிப்பிட்டு, இந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கியதாக அது இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் நானே விண்ணப்பித்துவிடுகிறேன். தாலுகா அலுவலகத்துக்கும் நானே போய் வருகிறேன். உன் ஆதாரில் உள்ள பெயரின் முதலெழுத்தும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, இரண்டின் படங்களையும் இந்த வாரமே அனுப்பி வை.

அன்புடன்,
அப்பா