கோம்போஸ்தேலா: நட்சத்திர வயல்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வரும் ஸ்பெயின் நடைபயணத் தொடரை விடாமல் படிக்கிறேன். சென்ற வாரம் சாந்தியாகோ தே கோம்போஸ்தேலா பற்றி எழுதியவர், 'கோம்போஸ்தேலா' என்பது 'காம்புஸ் ஸ்டெல்லே' என்ற லத்தீனிலிருந்து வந்தது, 'நட்சத்திர வயல்' என்று பொருள் என அடித்துச் சொல்லிவிட்டார். 9ஆம் நூற்றாண்டில் பெலாயோ என்ற துறவி அபூர்வ ஒளியைக் கண்டார், ஆயர் தியோதோமிரோ வந்து இயேசுவின் சீடர் சந்தியாகப்பரின் கல்லறையைக் கண்டுபிடித்தார் என்ற கதையும் கூடவே வருகிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. சொல்தான் அதற்கு ஒத்துவரவில்லை.

நான் கப்பலில் பொறியாளராக இருந்தவன். கோம்போஸ்தேலா இருக்கும் வடமேற்கு ஸ்பெயினின் கலீசியா பகுதியில், விகோ துறைமுகத்தில் பழுதுபார்க்க நின்றிருந்தபோதுதான் அந்த மண்ணின் கலீசிய மொழி காதில் விழுந்தது. அது ஸ்பானியத்தின் வட்டார வழக்கு அல்ல, போர்ச்சுகீசின் உடன்பிறப்பு. அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை.

அந்த மொழியில் லத்தீன் 'காம்புஸ்' 'காம்போ' ஆனது, 'ஸ்டெல்லா' 'எஸ்த்ரேலா' ஆனது. அப்படியானால் ஊர்ப் பெயரில் மட்டும் 'கா' எப்படி 'கோ' ஆகும்? 'ர' எங்கே போயிற்று?

அப்புறம், லெயோன் மாகாணத்தில் பொன்ஃபெராதா அருகே 'கோம்போஸ்தில்யா' என்று ஓர் இடம் இருக்கிறது. லத்தீனின் '-எல்லா' ஈறு கலீசியத்தில் '-எலா', காஸ்தீலியத்தில், அதாவது நாம் ஸ்பானியம் என்று சொல்வதில், '-இல்யா'. சிற்றாலயத்துக்கு அங்கே 'கபேலா', இங்கே 'கபில்யா' என்பது போல. ஆக இரண்டும் ஒரே பெயர்தான். பொன்ஃபெராதாவில் யார் வீட்டு நட்சத்திரம் விழுந்தது?

அதனால்தான் 'ஒழுங்காக அமைந்த சிற்றூர்' என்ற பொருளில், 'கோம்போசித்தா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்திருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள் சிலர். அந்தச் சொல்லின் மூல வினைக்கு 'அடக்கம் செய்தல்' என்றும் பொருள் உண்டு என்பதால் இடுகாடு என்பது மற்றொரு கட்சி. கோம்போஸ்தேலா பேராலயத்தின் அடியில் தோண்டியபோது ரோமர் காலக் கல்லறைகள் கிடைத்தன. 1955இல் தியோதோமிரோவின் கல்லறைப் பலகையே கிடைத்தது. இடுகாட்டுக் கட்சிக்கு அது தெம்புதான். ஆனாலும் பொன்ஃபெராதாவை நினைத்தால் எனக்கு முதல் கட்சியே சரியாகப் படுகிறது.

நட்சத்திரக் கதையைப் போடுங்கள், 'ஐதீகம்' என்று ஒரு சொல் சேர்த்து. தொடர் அடுத்து கடற்கரைக்குப் போகும்போது, அங்குள்ள ஊரை ஸ்பானிய முறையில் 'ஃபினிஸ்டெரே' என்னாமல் ஊர்க்காரர்கள் சொல்வதுபோல் 'ஃபிஸ்டெரா' என்றே அச்சிடுங்கள். 'ஃபினிஸ் டெரே', நிலத்தின் முடிவு. அதில் யாருக்கும் வழக்கில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி.