இறுதி அசைன்மென்ட்டை நகல் என்று நிராகரித்தது குறித்த புகார்

அனுப்புநர்: எம்.ஏ. தத்துவம் இறுதிப் பருவ மாணவி, குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்: மேலாளர் அவர்கள், மாணவர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பல்கலைக்கழகத்தின் பெயரில் நீங்கள் நடத்தும் இணையவழிப் படிப்பில், அளவையியல் (தர்க்கம்) தாளுக்கு நான் எழுதிய கடைசி அசைன்மென்ட் "61 சதவீதம் நகல்" என்ற சிவப்புப் பட்டையோடு திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பட்டை விழுந்தால் மறுபதிவேற்றப் பொத்தான் மறைந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மதிப்பெண் பட்டியலை முடிப்பதற்குள் இதை ஓர் ஆசிரியர் படித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனை நாளாகக் கேட்டு வருகிறேன். உங்கள் உதவி மையத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்களே தவிர, என் கட்டுரையைத் திறந்து பார்த்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை.

கடைசியாகப் பேசியவரை மட்டும் மறக்க முடியவில்லை. "மேடம், பாட்டை எல்லாம் எதற்கு அப்படியே போட்டீர்கள்? வார்த்தைகளைக் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள், சிவப்பு போய்விடும்" என்றார். அவர் பாட்டு என்றது மணிமேகலை. வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி வரை பத்துச் சமயவாதிகளிடம் மணிமேகலை கேட்டறியும் 27ஆம் காதைதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. சாத்தனாரின் அடிகளை நான் மாற்றி எழுத வேண்டுமாம்! அது பழைய நூலைத் திரித்த குற்றமாகாதா என்று கேட்டேன். "இந்த வயதில் தத்துவம் படித்து என்ன செய்யப் போகிறீர்கள்? அதுவும் வேலூர் பக்கத்தில்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.

வேலூர் பக்கம் என்றால் அவ்வளவு இளக்காரமா? பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணன் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துத் திருத்தணியில் 1888இல் பிறந்து, வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்து, பிறகு சென்னைக்குப் போய்த் தத்துவம் பயின்றவர். என் கட்டுரையில் சமணம் பேசும் நிகண்டவாதியைப் பற்றிய பகுதிக்காகக் காட்பாடியை அடுத்த வள்ளிமலைக்குப் போய், பாறையில் செதுக்கிய சமணத் திருவுருவங்களை நேரில் பார்த்துவிட்டு வந்து எழுதினேன். அந்தப் பக்கங்களில் ஒரு வரிகூட இரவல் இல்லை. அதையாவது யாராவது படித்தீர்களா?

ஒத்திருக்கிறது, ஆகவே நகல் என்பதுதான் உங்கள் மென்பொருளின் வாதம். ஒத்திருத்தல் நகலிலும் உண்டு, முறையான மேற்கோளிலும் உண்டு. இரண்டு பக்கமும் நிற்கும் ஏதுவால், அதாவது காரணத்தால், எதையும் சாதிக்க முடியாது. இதை அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலி (காரணம் போலத் தோன்றும் பிழை) என்று உங்கள் பாடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அடிகள் அனைத்தையும் மேற்கோள் குறிக்குள், காதை எண்ணோடு கொடுத்திருக்கிறேன். மூலத்தைச் சுட்டிக் காட்டும் மேற்கோள்களை ஒப்புமைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை தெளிவாகச் சொல்கிறது. அதை விலக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள்.

சென்னைப் பயணத்தைச் சொல்லாமல் விட மாட்டேன். அச்சுப் பிரதியோடு நேரில் வந்தால் உடனே முடித்துத் தருவதாக உங்கள் உதவி மையம்தான் சொன்னது. தீப்பெட்டித் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் எனக்கு மாதக் கடைசியில் விடுப்பு என்பது லேசில் கிடைப்பதல்ல. விடியும் முன் பஸ் ஏறி, காட்பாடியில் ரயில் பிடித்து வந்து சேர்ந்தேன். வாசலில் காவலாளி ஒரு பதிவேட்டை நீட்டினார். "சந்திக்க வேண்டியவர்" என்ற கட்டத்தில் எழுத எனக்கு ஒரு பெயர் இல்லை; உங்கள் ஆட்கள் யாரும் பெயர் சொன்னதில்லை. பெயர் இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மாலை வரை காத்திருந்தேன். கடைசியில் உள்ளிருந்து வந்த பதில், "இணையவழி மாணவர்கள் மின்னஞ்சலில்தான் தொடர்புகொள்ள வேண்டும்." அப்படியென்றால் என்னை ஏன் வரச் சொன்னீர்கள்?

உங்கள் மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. வகுப்பெடுத்த ஆசிரியர்கள் அருமையானவர்கள். ஆனால் இந்தச் சிவப்புப் பட்டையால் என் பட்டம் போனது, கட்டிய பணம் போனது, அடுப்படி வேலை முடித்து நள்ளிரவு வரை கண்விழித்துப் படித்த இரண்டு ஆண்டு வாழ்க்கையே மண்ணாய்ப் போனது. "நகல் அடித்தவள்" என்ற பெயரை நான் சாகும்வரை சுமக்க முடியாது.

தயவுசெய்து அந்தப் பட்டையை நீக்குங்கள். தாளை ஆசிரியரிடம் கொடுங்கள். அவர் படித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாலும் ஏற்றுக்கொள்கிறேன். அப்படிப் பேசிய ஊழியரின் உரையாடல் பதிவு உங்களிடம் இருக்கும், அதைக் கேட்டுப் பார்த்து எனக்கு எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். தவறினால், 2023ஆம் ஆண்டின் மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைப்படி பல்கலைக்கழகக் குழுவிடமும், அங்கிருந்து குறைதீர்ப்பாளரிடமும் போவேன். சத்துவாச்சாரிக்குப் போய் ஆட்சியரிடம் மனு கொடுக்கவும் தயங்க மாட்டேன்.

அந்த நிலை வராது என்று நம்புகிறேன். பதிலை எழுத்தில், பொறுப்பானவரின் பெயரோடு அனுப்புங்கள். இனி உங்கள் உதவி மையத்தோடு தொலைபேசியில் பேச மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் மாணவி
குடியாத்தம்