வாக்குப்பதிவு நாளுக்குப் பிறகு வாக்காளருக்கு என்ன உரிமை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களிப்பதைத் தவிரக் குடிமக்களால் இந்த ஆட்சிமுறையில் எதையும் மாற்ற இயலாது என்றும், மாற்றம் வேண்டுமானால் நல்லவர்கள் அரசியலுக்கு வரவேண்டும் என்றும் தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் அவ்வப்போது கடிதங்கள் வெளியாகின்றன. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நான் இக்கருத்தின் முற்பாதியை ஏற்கவில்லை. பிற்பாதியில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. கடந்த கால் நூற்றாண்டில் நம் நாட்டுக் குடிமக்கள் தேர்தல் முறையில் சில மாற்றங்களை உண்மையாகவே கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் அவை ஏறக்குறைய எல்லாமே வேட்பாளரைப் பற்றியவை. வெற்றி பெற்று உறுப்பினரான பிறகு அவர் அவையில் என்ன செய்கிறார் என்பதைத் தொடுவனவாக ஒன்றும் இல்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் ஒரு சாரார் எதுவும் மாறாது என்று சலித்துக்கொள்கிறார்கள், மற்றொரு சாரார் எல்லாம் மாறிவிட்டதாகத் திருப்தி அடைகிறார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1999-இல் ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் சிலர் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கி, வேட்பாளர்கள் மீதுள்ள குற்ற வழக்குகளை வாக்காளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்ததும் மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. 2002 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வழக்குகளோடு சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றையும் வேட்பாளர்கள் வெளியிட வேண்டும் என்று உத்தரவிட்டது. அடுத்து நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. அவைக்குள் எந்தப் பிரச்சினையிலும் ஒத்துப்போகாத கட்சிகள் அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் ஒன்றுகூடி அந்தத் தீர்ப்பை ஏற்பதற்கில்லை என்று முடிவெடுத்தன. அதன்படி ஓர் அவசரச் சட்டம் தயாரானது. அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை மீண்டும் அனுப்பியதால் ஆகஸ்டில் கையெழுத்திட நேர்ந்தது. பின்னர் அதுவே சட்டமானது. நீதிமன்றம் என்ன உத்தரவிட்டிருந்தாலும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் கேட்கப்பட்டதற்கு மேல் எந்த வேட்பாளரும் எதையும் சொல்லத் தேவையில்லை என்பது அதன் 33பி பிரிவின் சாரம். 2003 மார்ச் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று அறிவித்தது. வேட்புமனுவோடு இன்று தாக்கலாகும் படிவம் 26 பிரமாணப் பத்திரம், இத்தனை இழுபறிக்குப் பிறகு கிடைத்த ஒன்று.

இதே வழியில் வேறு சிலவும் கிடைத்தன. குற்றவாளி எனத் தீர்ப்பான பிறகும் மேல்முறையீட்டைக் காட்டிப் பதவியில் தொடர உறுப்பினர்களுக்கு இருந்த சலுகை 2013-இல் ரத்தானது. அதன் விளைவாகவே மறு ஆண்டில் பதவியிலிருந்த தமிழக முதலமைச்சர் ஒருவரே தகுதியிழந்தார். நோட்டாவும் அதே 2013-இல்தான் வந்தது. எத்தனை வாக்குகள் அதற்கு விழுந்தாலும் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் முடிவை அது மாற்றாது என்பதால் அதைப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. கட்சிகளுக்கு நன்கொடை தருபவர் பெயரை வெளியிடாமல் காத்த, 2018-இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பத்திரம் வாங்கியவர்கள், பெற்ற கட்சிகள் ஆகிய விவரங்களைத் தர ஜூன் இறுதிவரை அவகாசம் கேட்ட பாரத ஸ்டேட் வங்கி, நீதிமன்றம் மறுத்த மறுநாளே அவற்றை ஒப்படைத்துவிட்டது.

எனினும் பெற்ற உரிமை காகிதத்தில் எப்படிச் சுருங்குகிறது என்பதற்குத் தங்கள் நாளிதழின் உட்பக்கங்களே சாட்சி. குற்ற வழக்குள்ள வேட்பாளர் அதை நாளிதழ்களில் மும்முறை விளம்பரமாக வெளியிட வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அந்த விளம்பரம் ஏல அறிவிப்புக்கும் பெயர் மாற்ற அறிவிப்புக்கும் நடுவே, கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில், வழக்கு எண்ணும் சட்டப் பிரிவு எண்ணும் மட்டுமாக வருகிறது. பிரிவு எண்ணைப் பார்த்துக் கொலை முயற்சியா, அனுமதியின்றிச் சாலை மறியல் செய்ததா என்று பிரித்தறிய எத்தனை வாக்காளரால் முடியும்? வழக்குள்ளவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சியே காரணம் எழுத வேண்டும், வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாக இருக்கலாகாது என்று 2020-இல் வந்த உத்தரவுக்கும் இதே கதிதான். அவ்வாண்டு பீகார் தேர்தலில் அதைச் சரிவரப் பின்பற்றாத கட்சிகளுக்கு உச்ச நீதிமன்றம் அபராதம் விதித்தது. ஒரு லட்சமும் ஐந்து லட்சமும் கட்சிகளுக்கு ஒரு பொருட்டா என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

இவ்வளவும் பெரும்பாலும் வாக்குப்பதிவு நாள் வரையிலான செய்தி. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதை நம் மாநிலம் 2017-இல் பார்த்தது. பிப்ரவரி 18-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆளுங்கட்சியின் 11 உறுப்பினர்கள் அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். ஆகஸ்டில் அதே கட்சியின் மற்றோர் அணியினர் முதலமைச்சருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். கடிதம் கொடுத்தவர்களில் 18 பேரைப் பேரவைத் தலைவர் செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்தார். அவையிலேயே எதிர்த்து வாக்களித்த 11 பேர் மீதான மனுக்களில் 2021-இல் அந்தப் பேரவையின் காலம் முடியும்வரை முடிவே எடுக்கப்படவில்லை. ஒரே அவை, ஒரே கட்சித் தாவல் தடைச் சட்டம். எந்த அணி செய்தது சரி என்பது என் கேள்வியன்று. 18 தொகுதிகளின் மக்கள் 2019 ஏப்ரல், மே மாதங்களில் இடைத்தேர்தல் வரும்வரை உறுப்பினர் இல்லாமல் இருந்தார்களே, அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன் கூவத்தூர் விடுதியில் தங்கியிருந்த ஆளுங்கட்சி உறுப்பினர்களிடமும் அவரவர் தொகுதிவாசி பேச வழியிருக்கவில்லை.

1985-இல் அரசமைப்பின் பத்தாவது அட்டவணையாகச் சேர்க்கப்பட்ட அச்சட்டத்தின்படி, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் சார்பில் அவையில் உத்தரவிடும் கொறடாவை மீறி வாக்களித்தால் பதவி போகும். ஆட்சியைக் காப்பாற்றும் வாக்கெடுப்புக்கு மட்டும் இது பொருந்துமானால் நியாயம் உண்டு. ஆனால் சட்டம் அப்படி வரம்பு கட்டவில்லை. மீன்வளம், சுரங்கம், பல்கலைக்கழகம் என எந்த மசோதாவானாலும் கொறடா உத்தரவிட்டால் உறுப்பினர் கைதூக்கியாக வேண்டும். நம்பிக்கை வாக்கெடுப்போடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990-இலேயே பரிந்துரைத்தது. ஆட்சிக்கு ஆபத்து வரும் வாக்கெடுப்புகளில் மட்டுமே கொறடா உத்தரவு வேண்டும் என்ற கருத்தைச் சட்ட ஆணையமும் 1999-இல் முன்வைத்தது. தகுதிநீக்க மனுக்களைப் பேரவைத் தலைவரிடம் விட்டுவைப்பதற்குப் பதிலாக நிரந்தரத் தீர்ப்பாயம் அமைப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் கூறியது. வரம்பைத் தளர்த்தினால் குதிரைப் பேரம் பெருகும் என்பார்கள். பேரம் நடப்பது ஆட்சியைக் கவிழ்க்கவும் காப்பாற்றவும்தான். அந்த வாக்கெடுப்புகளில் கட்டுப்பாடு இருக்கட்டும் என்றே நானும் சொல்கிறேன்.

கொறடாவைவிட அதிகம் கண்ணில் படாத இன்னொன்று குரல் வாக்கெடுப்பு. ஆம் என்பவர்கள் ஆம் என்றும், இல்லை என்பவர்கள் இல்லை என்றும் கூவ, எந்தக் குரல் ஓங்கியதென்று அவைத் தலைவர் அறிவிப்பதோடு மசோதா நிறைவேறிவிடுகிறது. எண்ணி வாக்கெடுக்கும் முறையை யாராவது கோரி, அது ஏற்கப்பட்டாலொழிய, எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் என்பதற்குப் பதிவு கிடையாது. 2020 செப்டம்பரில் மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் எண்ணி வாக்கெடுக்கும் கோரிக்கைக்கிடையே இப்படித்தான் நிறைவேறின. நமக்கு இன்னும் அருகில் உள்ளது மேலூர் வட்டாரத்து டங்ஸ்டன் கனிமச் சுரங்க விவகாரம். அத்தகைய கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கே அளித்த திருத்தச் சட்டம் 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், மணிப்பூர் பிரச்சினையை ஒட்டிய அமளிக்கிடையே, போதிய விவாதமின்றி இரு அவைகளிலும் நிறைவேறியது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2,000 ஹெக்டேர் ஏலம் போயிருக்கிறது என்று 2024 நவம்பரில் தெரியவந்தபோதுதான் அப்பகுதி மக்களுக்கு அந்தச் சட்டத்தின் பொருளே புரிந்தது.

அதன்பின் அவர்கள் செய்தவை நாடறிந்தவை. அம்மாதம் 23-ஆம் தேதி கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டப்பேரவையும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7-ஆம் தேதி மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. குடிமக்களால் இயலும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக 2022 முதல் ஏகனாபுரம் கிராம சபையும் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டு வந்திருக்கிறதே, அதற்கு என்ன பதில்? இரண்டு இடத்துத் தீர்மானங்களுக்கும் சட்டபலம் ஒன்றுதான். மேலூரில் மாநில அரசும் எதிர்க்கட்சிகளும் மக்களோடு ஒரே பக்கம் நின்றன. ஏகனாபுரத்தில் மாநில அரசே எதிர்ப்பக்கம் நின்றது. ஆள்பவரின் விருப்பத்தோடு ஒத்துப்போகும்போது மட்டும் பலிக்கும் தீர்மானத்தைச் சீர்திருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் கிராம சபையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கிராம சபையை மேற்பார்க்க அனுப்பப்படும் பற்றாளராகப் பல ஊராட்சிகளில் அமர்ந்திருக்கிறேன். கூட்டப்பொருள் ஒன்றிய அலுவலகத்திலிருந்தே தட்டச்சாகி வந்துவிடும். கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகையை எட்டுவதற்காக வருகைப் பதிவேட்டை நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரைக்கே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவதும் உண்டு. இத்தனைக்கும் நடுவே, ஓர் ஊரில் வரவு செலவு வாசிக்கப்பட்டபோது, கைப்பம்பு பழுதுபார்ப்புக்கு எழுதியிருந்த தொகையைக் கேட்டதும் அந்தப் பம்புக்கு எதிர்வீட்டுப் பெண்மணி எழுந்து, “அதுல கைப்பிடியே இல்லீங்களே சார், எதைப் பழுது பாத்தீங்க?” என்று கேட்டார். பேனா பிடித்திருந்த செயலர் தலைவர் முகத்தைப் பார்த்தார். அந்தக் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதினால்தான் கையெழுத்திடுவோம் என்று நாலைந்து பெண்கள் மேசையருகே வந்து நின்றுகொண்டார்கள், எழுத வேண்டியதாயிற்று. அடுத்த கூட்டத்துக்குள் பம்புக்குக் கைப்பிடி வந்துவிட்டது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அது சிலருக்கு மட்டுமே இடமளித்த அவை என்பது ஒருபுறம் இருக்க, முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும் அவர் உறவினர் பெயரையும் குடவோலையில் எழுதலாகாது என்ற அதன் விதியை மட்டும் யாரும் மேடையில் சொல்வதில்லை.

வார்டு உறுப்பினரையும் ஊராட்சித் தலைவரையும் கணக்கோடு நேருக்கு நேர் நிறுத்தும் இந்த இடம், சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எதிரே இல்லை. ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி வரும் நாடாளுமன்ற உறுப்பினர், எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார், எந்தக் கூட்டத்தொடரில் எத்தனை நாள் அவைக்கு வந்தார் என்று தம் தொகுதியில் எங்கும் வாசிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஊராட்சித் தேர்தலையே தள்ளிப்போடும் வழக்கமும் சேர்ந்துகொண்டால் அடிமட்டத்து இடமும் சுருங்கிவிடுகிறது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான், அதுவும் எல்லா மாவட்டங்களிலும் அல்லாமல், நடந்தது. அப்படித் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர்கள் பொறுப்பில் விடப்பட்டன.

ஆகவே சீர்திருத்தம் பேசும் அமைப்புகள் வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தைத் தாண்டி அடுத்த படிக்கு வரவேண்டும் என்பதே என் வேண்டுகோள். எல்லா மசோதாக்களுக்கும் பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன், ஏனெனில் அதற்கு அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. அவை தன் நடைமுறை விதியை மாற்றினால் போதும். கொறடா அதிகாரத்துக்கு வரம்பு கட்டுவது அரசமைப்புத் திருத்தம் என்பதால் நாளாகும். அதற்கான கோரிக்கையும் பெயர்ப் பதிவு கைக்கு வந்த பிறகுதான் வலுக்கும்: தம் உறுப்பினர் எங்கே கைதூக்கினார் என்று தெரிந்த வாக்காளரே, அவர் கை ஏன் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்கத் தொடங்குவார். இரண்டையும் எந்தக் கட்சியும் தானாகத் தராது. 2002-இல் கட்சிகள் ஒன்றுகூடி மறுத்ததைப் போல இதையும் மறுக்கும். அப்போது வழக்காடியவர்களைப் போல இப்போதும் சிலர் ஆண்டுக்கணக்கில் விடாமல் நிற்க வேண்டியிருக்கும்.

தங்கள் நாளிதழாலும் ஆகக்கூடிய காரியங்கள் உண்டு. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும், எண்ணி வாக்கெடுக்கப்பட்ட மசோதாக்களில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் வாக்களித்த விதத்தையும், எண்ணாமலே நிறைவேறிய மசோதாக்களின் பெயர்களையும் ஒரே பக்கத்தில் வெளியிடலாம். தேர்தல் நேரத்தில் வேட்பாளர்களிடம் தங்கள் நிருபர்கள் கேட்கும் கேள்விகளோடு, “பெயர் பதிவாகும் வாக்கெடுப்பை அவையில் கோருவீர்களா?” என்பதையும் சேர்த்து, விடையைத் தொகுதிவாரியாக அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊராட்சி ஒன்றிய அலுவலர் ஒருவர்,
மதுரை மாவட்டம்.