காணி அளக்கவா, பால் அளக்கவா

திருகோணமலை
ஆனி 12

அன்பின் மச்சானுக்கு,

நலம். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் பழையபடியே இருக்கிறது. நீ அனுப்பிய எண்ணெய் தீர்ந்துவிட்டது என்பதைக் கட்டாயம் எழுதச் சொன்னார். உன் கடைசிக் கடிதத்துக்கு ஏழு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தது என் பிழைதான். தொலைபேசியில் பேசிவிட்டால் போதும் என்று நாளைக் கடத்தினேன். ஆனால் தொலைபேசியில் நீ யாரையும் பேச விடுவதில்லை. கணக்கு மாஸ்டரின் வகுப்பில் தொடங்கிய பழக்கம் அது. இப்போது நான் சொல்ல வந்ததை நீ குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

சென்ற பங்குனியில் இங்குள்ள வர்த்தகர்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும் சேர்ந்து, கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே உள்ள கொட்டியாரப் பற்றுக்குத் தொழில் முயற்சியாளர்களை அழைத்துவரும் நோக்கத்துடன் ஒரு கையேடு தயாரிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். மாவட்டச் செயலகமான கச்சேரியின் திட்டமிடல் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன் என்ற காரணத்தால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பற்றில் அடங்கும் மூதூர், சேருவில, வெருகல் ஆகிய மூன்று பிரதேச செயலகங்களுக்கும் அலைந்து நாற்பது பக்கம் எழுதினேன். அந்த நாற்பது பக்கத்தையும் இப்போது கிழித்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வரைவில் எல்லோரும் எழுதுவதையே நானும் எழுதியிருந்தேன். ஆழமான இயற்கைத் துறைமுகம், பிரித்தானியர் கட்டிவிட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகள், 1980 முதல் இயங்கும் கோதுமை மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, புல்மோட்டையின் இல்மனைற் மணல், நிலாவெளிக் கடற்கரை, புறாமலையின் பவளப்பாறைகள் என்று பட்டியல் நீண்டது. யாவும் உண்மைதான். ஆனால் இவற்றுள் ஒன்றுகூடக் கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே இல்லை. மா ஆலைக்குக் கோதுமை கப்பலில் வந்து இறங்குகிறது. மாவாகி வெளியூர்களுக்குப் போகிறது. நகரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த ஆலை சோறு போட்டிருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனினும் வெருகலில் விளையும் ஒரு மூட்டை நெல்லுக்கும் கறக்கும் ஒரு கான் பாலுக்கும் அதனிடம் வேலை இல்லை. துறைமுகத்தின் பெருமையைச் சொல்லிக் கிராமத்துக்கு ஆள் பிடிக்க முயன்றால், வருகிறவர் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்.

வைகாசிக் கடைசியில் கொழும்பிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். காலை ஆறரைக்கு நகரத்திலிருந்து ஒரு வான் வண்டியில் புறப்பட்டோம். கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம், 2009இல் திறக்கப்பட்டது, அப்பால் உள்ள பாலங்கள் 2011அளவில் முடிந்தன என்று நான் விளக்கிக்கொண்டு போனேன். அதற்கு முன்னர் ஒவ்வொரு துறையிலும் ஆற்றைக் கடத்தும் மிதவைப் பாதை வரும்வரை வெயிலில் நின்றதையும், கங்கைத் துறையில் நீ மாம்பழக் கூடையோடு தண்ணீருக்குள் இறங்கியதையும் அவர்களிடம் சொல்லவில்லை. உன் மானத்தைக் காப்பாற்றியதற்கு நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய். ஆனால் ஒன்றை அன்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பாலங்கள் கட்டப்படும்போது, இனிக் கொட்டியாரத்தின் பொருள் வெளியே போகும், பணம் உள்ளே வரும் என்று நாம் எவ்வளவு நம்பினோம்! பொருள் போகிறது. வேகமாகவே போகிறது. பச்சை நெல்லாகவும் பதப்படுத்தாத மீனாகவும் போய், அரிசியாகவும் தகரத்தில் அடைத்த மீனாகவும் அதே பாலத்தின் வழியே திரும்பி வருகிறது.

ஈச்சிலம்பற்றைப் பக்கத்தில் பால் சேர்க்கும் இடம் ஒன்றில் வானை நிறுத்தினேன். கையேட்டில் அதற்கு நான் ஒதுக்கியிருந்தது இரண்டு வரி. ஒரு தகரக் கொட்டகை, உள்ளே குளிரூட்டும் தாங்கி ஒன்று, வாசலில் மேசை, மேசையில் பால்மானியும் ஒரு போத்தல் மதுசாரமும் சோதனைக் குழாய்களும். மேசைக்குப் பின்னால் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நாங்கள் நிற்கும்போதே ஒரு பையன் மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் கான்களைக் கட்டிக்கொண்டு வந்தான். காட்டோரத்தில் இருக்கும் மாட்டுப்பட்டியிலிருந்து வருகிறான், உடம்பெல்லாம் செம்மண். அந்தப் பெண் குழாயில் சிறிது பாலும் அதே அளவு மதுசாரமும் விட்டு மெல்லக் குலுக்கினாள். கண்ணாடியின் உட்புறத்தில் குறுணி போல வெள்ளைத் துகள்கள் ஒட்டின. பால் கெடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. அவள் ஒன்றும் பேசாமல் குழாயை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவனும் ஒன்றும் பேசாமல் கானின் மூடியைக் கையால் ஒருமுறை அழுத்திவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

வந்தவர்களுள் ஓர் உணவு நிறுவனத்துக்குக் கொள்வனவு செய்யும் அம்மையார் ஒருவர் இருந்தார். அதுவரை வானை விட்டு இறங்காதவர், இறங்கி வந்து, இப்படி ஒரு நாளில் எத்தனை லீற்றர் திரும்பிப் போகிறது என்று என்னைக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள், "எடுத்த பாலைத்தான் எழுதுவேன் ஐயா, திருப்பின பாலை எழுதக் கொப்பி தரவில்லை" என்றாள்.

மச்சான், முப்பது வருடம் புள்ளிவிவரத்தோடு வாழ்ந்தவன் நான். இந்தப் பற்றில் எத்தனை ஏக்கர் வயல், எத்தனை மாடு, எத்தனை தோணி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாங்கப்படாமல் போனதை யாரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. அன்று மாலையே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, கோடு கிழித்து, அடுத்த நாள் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கிழமை எழுதியிருக்கிறாள், அழகான கையெழுத்தில். முதல் நாள் மூன்று கான், மறுநாள் ஒன்றுமில்லை, மின்சாரம் நின்ற வெள்ளிக்கிழமை பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே வந்த நேரமும் பட்டி இருந்த இடமும் குறித்திருக்கிறாள். அதை நான் கேட்கவில்லை, அவளாகவே எழுதியது.

காரணம் மாயமானது அன்று. கறந்த பாலை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் 4 பாகை செல்சியசுக்குக் கொண்டுவர வேண்டும். நமது நாட்டுப் பசு நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு லீற்றருக்கு மேல் தராது. ஆகவே ஒரு கான் நிறையப் பல மாடுகளைக் கறக்க வேண்டும். வேளாண்மைக் காலத்தில் வயல்வெளியில் மாடு நிற்க முடியாது. பட்டிகளைத் தூரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். தாங்கி வீதியோரத்தில் நிற்கிறது, பால் காட்டோரத்தில் சுரக்கிறது. இடையில் உள்ள தூரத்தை வெயில் தின்றுவிடுகிறது. திரும்பிய பாலைச் சில வேளைகளில் வீட்டில் காய்ச்சித் தயிராக்குகிறார்கள். எருமைப்பாலென்றால் சட்டியில் உறைய வைத்துக் கவிழ்த்தாலும் விழாத தயிர் வரும். சட்டியின் மண் நீரை இழுத்துவிடுவதால் வரும் இறுக்கம் அது. ஆனால் மண்சட்டி பாரம், உடையும், மூடி இறுகாது. கொழும்புக் கடையின் குளிர்ப்பெட்டியில் ஏறுவதற்குக் கேட்கும் சான்றிதழ் எதுவும் அந்த வீட்டாரிடம் இல்லை. நீயோ வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கோப்பைத் தயிர் வாங்கித் தின்கிறாய். 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாடு இது. அதே நாட்டில், நல்ல பால் நாற்பது நிமிடம் பிந்திய குற்றத்துக்காகத் திரும்பிப் போகிறது. இரவில் இதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

அன்று பின்னேரம் சம்பூரில் ஒரு கூட்டம் வைத்தோம். அங்கேதான் இன்னொரு அடி விழுந்தது. எங்களோடு வந்த ஆலோசகர் ஒருவர் திரையில் வரைபடம் ஒன்றைக் காட்டினார். மஞ்சள் பூசிய இடமெல்லாம் பயன்படாத அரச காணி, முதலீட்டுக்கு ஏற்றது என்றார். அந்த மஞ்சள் முழுவதும் மேய்ச்சல்தரை என்பது சபையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒரு பெரியவர் எழுந்து, "தம்பிமார் காணி அளக்க வந்திருக்கிறீர்களா, பால் அளக்க வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவர் கேட்டதில் என்ன பிழை? 2006இல் ஊரை விட்டு ஓடி, ஒன்பது பத்து வருடம் முகாமில் இருந்துவிட்டு வந்த சனம் அது. அவர்கள் இல்லாத காலத்தில் அவர்களுடைய காணி முதலீட்டு வலயம் என்று அரச வர்த்தமானியில் வந்தது; 2015இல் 818 ஏக்கருக்கான அந்த ஏற்பாடு இரத்துச் செய்யப்பட்ட பிறகுதான் வாசலை மிதித்தார்கள். நிலக்கரி மின்நிலையம் வரும் என்றார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. இப்போது 120 மெகாவாட் சூரியமின் திட்டம். 2025 ஏப்ரலில் அதற்குத் தொடக்க விழா நடந்தது. அந்த மண்ணில் 'முதலீடு' என்ற சொல்லைக் கேட்கும்போது, முகம் மலர வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? கையேட்டின் முதல் பக்கத்திலேயே அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். அதை எடுத்துவிட்டேன்.

இனி நான் எழுத நினைப்பதைச் சொல்கிறேன். காணி கேட்டு வருபவரை அழைக்கும் கையேடாக அது இருக்கக் கூடாது. வயற்காணிகளில் பெரும்பங்கு 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. அதை நினைத்தபடி விற்கவோ நிறுவனம் வாங்கவோ முடியாது. இதைக் குறை என்று சொல்லாதவர் இல்லை. நான் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் யுத்த காலத்துக் கடனுக்கே பாதி வயல் கைமாறியிருக்கும். காணி மக்களிடம் இருக்கட்டும். வருகிறவர் தாங்கியோடு வரட்டும், உலர்த்தியோடு வரட்டும், நிறுவையோடு வரட்டும், ஒரு போகத்துக்கு முன்னரே எழுதிக் கொடுக்கும் விலையோடு வரட்டும்.

நெல்லும் இதே கதைதான். அல்லை நீர்ப்பாசனத் திட்டத்தில் வெட்டு மெசின் இறங்கினால் இரண்டு நாளில் வயல் வட்டை வெறிச்சென்றாகிவிடுகிறது. ஈரம் குறையாத நெல்லைக் களஞ்சியத்தில் போட முடியாது, 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். காயவைக்கத் தளம் இல்லாதவர் தார் வீதியில் பரப்புகிறார், மழை இருண்டால் நின்ற லொறிக்குச் சொன்ன விலைக்கு ஏற்றிவிடுகிறார். பொலன்னறுவை ஆலைகளுக்கு அது நல்ல நெல். அறுவடையின் ஈரத்தை யார் உலர்த்துகிறாரோ அவருக்குத்தான் இலாபம் என்பதை நீ எனக்குப் பல வருடங்களுக்கு முன்னரே சொல்லியிருக்கிறாய். அப்போது நான் கவனிக்கவில்லை.

குழுவில் இளையவர்கள் சிலருக்கு இந்த எண்ணம் சிறியதாகத் தெரிகிறது. பெரிய ஆலை ஒன்று வந்தால் ஆயிரம் பேருக்கு வேலை என்கிறார்கள். அவர்களை நான் கந்தளாய்க்குக் கூட்டிப்போனேன். 1960களில் எவ்வளவு எதிர்பார்ப்போடு தொடங்கிய சீனித் தொழிற்சாலை, 1990களில் மூடிய பிறகு என்னவாகியிருக்கிறது என்று பார்க்கட்டும் என்று. கரும்புக்கு ஆலையைத் தவிர வாங்குபவர் இல்லை. ஆலை நின்றால் வெட்டி மாட்டுக்குப் போடலாம். பாலும் நெல்லும் அப்படியல்ல. வாங்குபவர் கைவிட்டாலும் வீட்டில் தயிர் இருக்கும், கூடையில் நெல் இருக்கும். ஒருவரையே நம்பியிராத மக்களோடு பேரம் பேசுவது வருகிறவருக்குச் சிரமம்தான். ஆனால் அத்தகைய இடத்தில்தான் உறவு நீடிக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

உன்னிடம் கேட்பது இதுதான். முப்பது வருடம் நீ உணவுப் பொருள் கொள்வனவில் இருந்தாய். யார் சொன்ன நாளில் பணம் கொடுப்பவர், யார் முதல் போகத்தில் நல்ல விலை சொல்லி இரண்டாம் போகத்தில் காலை வாருபவர் என்பது உனக்குத் தெரியும். அந்த முதல் வகையில் இரண்டு பேர் போதும். பத்துப் பேர் கொண்ட வான் இனி வேண்டாம். அந்த அம்மையார் எனக்குத் தொலைபேசி எடுத்து, கொப்பியின் பிரதியைக் கேட்டிருக்கிறார். அனுப்பலாமா, அதற்கு முன் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று எழுது. ஐந்நூறு லீற்றர்த் தாங்கி ஒன்றைப் பட்டிகளுக்கு அருகில், சூரிய மின்கலத்தோடு வைப்பதானால் இன்றைய விலை என்ன, பழையது கிடைக்குமா என்றும் விசாரி. சங்கத்திடம் கொஞ்சப் பணம் இருக்கிறது. அந்தப் பெண் அதை நடத்தத் தயார், நான் கேட்டுவிட்டேன்.

வெருகல் திருவிழாவுக்கு முன் வா. இரவு ரயிலில் ஏறினால் விடியப் புகையிரத நிலையத்தில் நான் நிற்பேன். ஒன்பது மணிக்கு முன்னர் ஈச்சிலம்பற்றையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிற கான்களைத்தான் திருப்புகிறார்கள். அம்மாவுக்கு எண்ணெய், இரண்டு போத்தல்.

அன்புடன்,
உன் மச்சான்